நாலு தரம் வரை

பாமசியில் பால்மா டின்னை எடுத்துக் கையில் தந்தார்கள். விலைச் சிட்டையின் மேல் புதிய சிட்டை ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்துப் பார்த்தேன். கீழே பழைய விலை. அதற்குக் கீழேயும் ஒன்று இருந்தது. அதை உரிக்கவில்லை.

"உரிச்சாலும் குறையாது சேர்," என்றார் மேசைக்குப் பின்னால் நின்றவர்.

"எப்ப ஏறின?"

"முந்தநாள். இன்னும் ஏறுமாம். வேணுமெண்டா ரெண்டு எடுத்து வெச்சிக்கங்க."

ஒன்றுதான் எடுத்தேன். சம்பளத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

அட்டாளைச்சேனையில் அரச அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. ஒலுவில் கெம்பசில் படித்து, பட்டதாரி நியமனத்தில் கிடைத்தது. வீடு பாலமுனையில். அது என் மனைவி றுஸ்னாவின் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். மகள் ஸம்றா பிறந்த மூன்றாம் கிழமை றுஸ்னாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் கிழமை அவள் இல்லை. இப்போது வீடு ஸம்றாவுடையது. நான் நாலு மாதக் குழந்தையின் வீட்டில் இருக்கிறேன்.

நிந்தவூரிலிருந்து என் உம்மா திரும்பி வரச் சொன்னார். பிள்ளையை மாமியிடமிருந்து, றுஸ்னாவின் உம்மாவிடமிருந்து, பிரிக்க முடியாது. பிள்ளையை விட்டுவிட்டு நான் போகவும் முடியாது. இதை யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். இருந்த இடத்தில் இருந்துவிட்டேன்.

மாமி முனவ்வறா பின்னறையில் இருக்கிறார். நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் ஸம்றா அவர் மடியில். பால்மா டின்னை அவர் நகைப்பெட்டியைத் திறப்பதுபோல் திறப்பார். கரண்டியில் குவிந்த மாவைக் கத்தியின் முதுகால் வழித்து மட்டமாக்குவார். போத்தலில் பிள்ளை மிச்சம் வைத்த பால் அவருடைய தேத்தண்ணிக்குள் போகும். அன்று புதிய டின்னைக் கொண்டுபோய் வைத்தபோது சிட்டையைப் பார்த்தார்.

"இந்தக் காசிக்கு ஒரு ஆட்ட வாங்கி, புள்ளய அதுக்குப் பக்கத்தில கிடத்தி வெக்கலாம் மனே."

"ஆட்டுக்குத் தீனியும் விலைதான் மாமி."

"அப்ப ஆடும் நம்மளப் போலதான்," என்றார்.

இரண்டு வீடு தள்ளி ஹுஸ்னியாவின் வீடு. ஹுஸ்னியா, மாமியின் மகன் முஸ்தாக்கின் மனைவி. முஸ்தாக் படகில் போகிறவன். கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போனான். அவர்களுடைய மகன் அத்னானுக்கு ஆறு மாதம். ஹுஸ்னியாவுக்குப் பால் அதிகம். அத்னான் குடித்தும் மிஞ்சும். கட்டிக்கொண்டால் நோகும் என்று கறந்து, கால் படாத இடமாகப் பார்த்து, தேசிமரத்தடியில் ஊற்றுகிறாள். இது மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மரம் நன்றாகக் காய்க்கிறது. எங்களுக்கும் ஒரு பை நிறைய வரும். தேசிக்காய் பிழிந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு நான் டின் விலையைப் பற்றி யோசித்திருக்கிறேன்.

ஹுஸ்னியாவிடம் கேட்டால் கொடுப்பாள். கேட்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு பெண்ணிடம் ஐந்து தரம் வயிறாரப் பால் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளையாகிவிடும். அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உடன்பிறப்பாகிவிடும். பிறகு அவர்களுக்குள் கல்யாணம் ஹறாம். போத்தலில் கறந்து கொடுத்தாலும் அதே கணக்குத்தான். எங்கள் மத்ஹபின் சட்டம் அப்படி.

றுஸ்னாவும் ஹுஸ்னியாவும் ஒரே காலத்தில் வயிற்றில் சுமந்தவர்கள். ஒரு கட்டிலில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டு, ஒன்று ஆணும் ஒன்று பெண்ணுமாக வந்தால் முடித்துவைப்பது என்று பேசிக்கொண்டார்கள். ஹுஸ்னியா அதைப் பகிடியாகப் பேசினாள். றுஸ்னா அப்படிப் பேசவில்லை. ஸம்றா பிறந்த அன்று பார்க்க வந்த தன் அண்ணன் முஸ்தாக்கிடம், "காக்கா, உங்கட மருமகள் வந்திட்டா. வாக்கு மாறப்படா," என்றாள். அவன் பிள்ளையின் கையைத் தொட்டு, "மாறமாட்டன்," என்றான்.

மாமிக்கு அது வேறு வகையில் பெரிய விஷயம். மகன் வீட்டை விட்டுப் போனவன். எல்லா மகன்களும் போவதுபோல் போனான். ஆனால் அவனுடைய மகன் ஸம்றாவை முடித்தால் இந்த வீட்டுக்கே மாப்பிள்ளையாக வருவான். மாமி அத்னானைத் தூக்கும்போதெல்லாம், "வாங்க ஊட்டுக்காரரே," என்றுதான் கூப்பிடுவார்.

ஐந்துதான் ஆகாது, நாலு தரம் வரை ஒன்றுமில்லை. மாமி மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டு உறுதிப்படுத்தியிருந்தார். மௌலவி சொன்னது சட்டம். மாமி கேட்டுக்கொண்டது கையிருப்பு.

அதில் மூன்று செலவாகியிருந்தது. முதலாவது, றுஸ்னாவை அடக்கிய அன்று. வீட்டில் யாருக்கும் டின் வாங்கும் எண்ணம் வரவில்லை. இரண்டாவது, அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை எந்தக் கடையிலும் டின் இல்லாமல் போன நாளில். மூன்றாவது, விலை குறைந்த ஒரு டின்னை நான் வாங்கிவந்து, அதைக் குடித்துப் பிள்ளை வாந்தி எடுத்தபோது. நாலாவதை, கடல் ஊருக்குள் வந்தால் ஒழிய எடுப்பதில்லை என்பதுபோல் மாமி வைத்திருந்தார்.

விலை ஏறிய அந்த மாதம் கிளினிக் நாள் வந்தது. அரை நாள் லீவு எடுத்து நானும் போனேன். நிறை பார்க்கிற மிஸ், கஜனி, காரைதீவுத் தமிழ் ஆள். ஸம்றாவைத் தராசில் வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

"ஸம்றாட வாப்பா, கொஞ்சம் இஞ்ச வாங்க."

போனேன்.

"நிறை கூடல்ல. போன மாசம் இருந்ததுதான். இந்த வயசில கூடாம இருக்கிறதெண்டா குறையிறதுதான். காய்ச்சல், வயித்தோட்டம் ஏதும்?"

"இல்ல."

"பால் என்னெண்டு கரைக்கிறீங்க?"

"டின்னில போட்டிருக்கிற மாதிரி. காலையும் ராவும் நான். பகல்ல மாமி."

மாமி சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கஜனி அவர் பக்கம் திரும்பினார்.

"உம்மா, நீங்க எத்தின கரண்டி போடுற?"

மாமி பொய் சொல்லவில்லை.

"அவர் போடுறதில ஒண்டு குறைய."

"தண்ணி?"

"தண்ணி அதேதான். வெல ஏறினாப் போல அவர்ட சம்பளமும் ஏறுதா மிஸ்? ஆராவது ஒரு ஆள் இறங்கிப் போகத்தானே வேணும். புள்ள அழாமக் குடிச்சிச்சி. வயிறும் நிறைஞ்சிச்சி."

"தண்ணில நிறைஞ்சிருக்கும் உம்மா," என்றார் கஜனி. சத்தம் போடவில்லை. "இனிக் குறைக்காதீங்க. இப்பிடியே போனா ஆசுபத்திரியில வெக்க வேண்டி வரும்."

மாமி ஸம்றாவை வாங்கி, சட்டையை இழுத்துவிட்டார். காலை மூடும் சட்டை. அந்தக் கால் மெலிந்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். தினமும் பார்த்த கால்தான்.

"உங்கட குடும்பத்தில பால் குடுக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லயா?" என்று கஜனி கேட்டார்.

மாமி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ஹுஸ்னியாவும் அதே கிளினிக்குக்குத்தான் வருகிறவள். கஜனிக்கு அவளைத் தெரிந்திருந்தது.

"அவவுக்கு ரெண்டு பிள்ளைக்குத் தாராளமாக் காணுமே. புறகென்ன?"

ஐந்து தரத்தையும் சொன்னேன். வாக்கையும் சொன்னேன். கஜனி பேனையை மூடினார்.

"எங்கட ஆக்களும் மச்சான் மச்சாள் எண்டு முடிச்சி வைக்கிறதுதான். பாலுக்குக் கணக்கில்ல."

"உங்களுக்கு அந்தச் சட்டம் இல்ல மகள்," என்றார் மாமி.

"இல்லதான் உம்மா. மாப்பிள்ளைக்கு இப்ப பல்லு வந்திட்டா?"

மாமிக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

ஓட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து நான் பால் கரைத்தேன். முழு அளவு. ஸம்றா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஏசுங்க மனே."

"ஏசல்ல மாமி."

"ஏசினா எனக்குச் சுகம்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் கொஞ்ச காலமாக ஒன்றும் வருவதில்லை. ஆனால் அந்தக் கால் கண்ணுக்குள் நின்றது.

"காலைல ஹுஸ்னியாக்கிட்ட போகப்போறன்," என்றேன்.

"நாலாவதுக்கா?"

"நாலாவதுக்கும், அதுக்குப் புறகுக்கும்."

மாமி கைக்காப்பைச் சுற்றினார். கழற்றவில்லை.

"இத விப்பம்."

"வித்தா கொஞ்சக் காலம் போகும். புறகு?"

"றுஸ்னா ஆசப்பட்டது மனே. அவட எண்டு இந்த ஊட்டில மிச்சம் அதான் இரிக்கி."

"புள்ள இரிக்கி," என்றேன்.

மாமி காப்பிலிருந்து கையை எடுத்தார். பின்னறைக்குப் போய் தொழுகை விரிப்பை விரித்தார்.

மறுநாள் வெள்ளி. நான் லீவு போட்டேன். முஸ்தாக் கடலுக்குப் போகவில்லை. வாசலில் எஞ்சினின் ஒரு பாகத்தைக் கழற்றிப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அத்னான் பாயில் குப்புறக் கிடந்தான். ஸம்றாவைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"என்ன மச்சான், காலங்காத்தால மருமகளோட?"

கிளினிக்கில் நடந்ததைச் சொன்னேன். அவன் துடைப்பதை நிறுத்தினான்.

"உம்மாக்குப் பைத்தியமா?"

"அவ எனக்காகத்தான் செஞ்ச."

"நாலாவது குடுப்பம். அதுல பிரச்சின இல்ல. நான் ஹுஸ்னியாக்கிட்ட சொல்றன்."

"நாலாவதோட நிக்காது மச்சான். தினமும் வேணும்."

அவன் எண்ணெய்க் கையைப் பார்த்தான். "றுஸ்னாக்கு வாக்குக் குடுத்தவன் நான்," என்றான். "அவ என்னட்டக் கடைசியாக் கேட்டது அது ஒண்டுதான். வேற என்ன கேட்டவ? ஒரு சாரி கூடக் கேட்டவ இல்ல."

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஹுஸ்னியாவின் குரல் வந்தது.

"காக்கா, புள்ளயத் தாங்க. நீங்க ரெண்டு பேரும் கதைச்சி முடிக்கிறத்துக்குள்ள அவக்குக் கல்யாண வயசு வந்திரும்."

திரைக்கு வெளியே கை நீண்டது. கொடுத்தேன்.

நாலாவது அப்படி முடிந்தது. ஸம்றா நெடுநேரம் குடித்தாள். இடையில் ஹுஸ்னியா, "மெதுவா, மெதுவா, ஒருத்தரும் பறிக்கல்ல," என்று சொல்வது கேட்டது. பிறகு தூங்கினாள். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜும்ஆ முடிந்து வந்தபோது மேசையில் இரண்டு டின் இருந்தன. முஸ்தாக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். மாமி கதவருகே நின்றார்.

"இது நான் வாங்கினது," என்றான். "இது முடிஞ்சாலும் நான் வாங்குவன். உங்கட சம்பளத்தில கை வெக்காதீங்க. அஞ்சாவது மட்டும் வேணாம் மச்சான்."

டின்னைத் திருப்பிப் பார்த்தேன். சிட்டைக்கு மேல் சிட்டை. அவனிடம் அவ்வளவு காசு இருந்திருக்காது. கடனுக்கு எடுத்திருக்க வேண்டும். நல்ல மனிதன். தங்கைக்குக் கொடுத்த வாக்கைத் தன் கையால் தூக்கி நிறுத்தப் பார்க்கிறான். அவன் சொன்னபடியே நடக்கவும் கூடும். கடல் நன்றாக இருந்தால், விலை இதோடு நின்றால், ஒலுவில் துறை மண்ணால் அடைபடாமல் இருந்தால்.

"வாடக்காத்து மாசத்தில, படகு இறங்காத நாளில மச்சான்?"

"அப்ப பாப்பம்."

"அப்ப என்ன செய்வ? நீயும் ஒரு கரண்டி குறைப்பாய்."

மாமி தலையைக் குனிந்தார். நான் அவரைச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதுபோல் ஆகிவிட்டது.

"நீங்க அவட புருஷன்," என்றான் முஸ்தாக். "உங்களுக்கு அவட ஆச பெருசில்லயா?"

நான் டின்னை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"எனக்கிட்டயும் ஒண்டு சொன்னவ. ஆசுபத்திரியில வெச்சி."

"என்ன சொன்ன?"

"புள்ளய எப்பிடியாவது வளத்திருங்க எண்டு."

முஸ்தாக் கண்ணைத் துடைத்தான். மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

றுஸ்னா அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலில் தண்ணீர் கேட்டாள். விசிறியை நிறுத்தச் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் பெயரில் நான் சொன்ன முதல் பொய் இது. சொல்லும்போது குரல் மாறவில்லை. அவள் உயிரோடு இருந்தால் எதைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அத்னானை மருமகனாக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கவும் கூடும். அவள் உயிரோடு இருந்தால் அவளே பால் கொடுத்திருப்பாள்.

முஸ்தாக் எழுந்தான்.

"டின்னத் திருப்பிக் குடுக்க ஏலாது," என்றான். "வெச்சிக்கங்க. ராவைக்கு உதவும்."

பின்நேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஸம்றா அழத் தொடங்கினாள். மாமி வழக்கம்போல் போத்தலைக் கழுவப் போகவில்லை. அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பிள்ளையைத் தூக்கினேன்.

"ஒரு நாள் பொறுத்தா என்ன மனே," என்றார். "வெல குறையும் எண்டு ரேடியோல சொன்னான்."

"நீங்களும் வாங்க மாமி."

"நான் வரல்ல."

வாசலுக்குப் போனபோது செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. பின்னால் வந்தார்.

ஹுஸ்னியா இந்த முறை திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தலையில் முக்காடு. பிள்ளையை வாங்க உடனே கை நீட்டவில்லை.

"காக்கா, நீங்க வாயால சொல்லணும்," என்றாள். "மறுவா நாளைக்கு ஆரும் எனக்கிட்ட வந்து, நீ அவசரப்பட்டுட்டாய் எண்டு சொல்லப்படா. மாமி சொல்லப்படா. இவரும் சொல்லப்படா."

"சொல்லமாட்டம்."

"மாமி?"

மாமி தேசிமரத்தைப் பார்த்தார்.

"எனக்கிட்ட என்ன கேக்கிற? வாப்பா நிக்கார்தானே."

"உங்கட வாயாலயும் வேணும். நீங்கதான் ஊரெல்லாம் சொல்லித் திரியிற."

ஸம்றா அழுதுகொண்டிருந்தாள். பெரிய அழுகை இல்லை. பலம் இல்லாத அழுகை. மாமி அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"குடு," என்றார். "குடுத்துத் துலை."

"நீங்க காக்கா?"

"குடுங்க தங்கச்சி," என்றேன்.

அவள் உள்ளே போனாள். நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம். முஸ்தாக் அத்னானைத் தூக்கி மடியில் வைத்தான். அழுகை நின்றது. அதற்குப் பிறகு உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கடல் மட்டும் கேட்டது. யாராவது எழுந்து போய் நிறுத்தச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. நானே சொல்லலாம். முஸ்தாக்கும் அதைத்தான் நினைத்திருப்பான். இரண்டு முறை கதவைப் பார்த்தான். ஒருவரும் எழவில்லை.

ஹுஸ்னியா வந்தாள். ஸம்றா அவள் தோளில் தூங்கினாள். வாயின் ஓரத்தில் பால் காயாமல் இருந்தது.

"நல்லாக் குடிச்சிட்டா. வயிறு முட்டிட்டு."

ஐந்து ஆகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. முஸ்தாக் அத்னானைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"டேய், மச்சி எண்டு இனிக் கூப்பிடப்படா. தங்கச்சி. விளங்கினா?"

அத்னான் அவன் மூக்கைப் பிடித்தான்.

"வெளங்கிட்டு," என்றாள் ஹுஸ்னியா. பிறகு என்னிடம், "மஃரிபுக்குப் புறகு திரும்பக் கொண்டு வாங்க. ராவைக்கு உங்கட டின்னக் குடுங்க. விடிஞ்சா எனக்கிட்ட. கட்டிக் கிடந்து நோகுற எனக்குத்தான்."

"இவளுக்குக் காணுமா, அவனுக்குக் காணுமா?" என்று மாமி கேட்டார்.

"காணும் மாமி. மரத்துக்குத்தான் காணாது."

மாமி எழுந்து, ஹுஸ்னியாவின் கையிலிருந்து ஸம்றாவை வாங்கி என்னிடம் தந்தார். பிறகு ஹுஸ்னியாவின் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு இறங்கி நடந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முன்னால் போனார்.  பிறகு திரும்பாமலே கதைத்தார்.

"அப்ப இவளுக்கு வெளியிலதான் மாப்பிள பாக்கணும்."

"ஓம் மாமி."

"கச்சிமுகம்மதுட மகளுக்குப் பொடியன் பொறந்திரிக்கான். அவங்க சொந்தம்தான். ஆனா அந்தப் பொடியன்ட மூக்கு பெருசு."

"புள்ளதானே மாமி. மூக்கு மாறும்."

"அவன்ட வாப்பாக்கு மாறல்லியே."

அவர் இன்னொரு வீட்டைச் சொன்னார். அதற்கும் ஒரு குறை சொன்னார். நான் கேட்கவில்லை. ஸம்றாவைத் தோளிலிருந்து இறக்கிக் கைக்குள் வைத்து, வாயைத் துடைக்கக் குனிந்தேன். டின் வாசம் இல்லை. கொஞ்சம் இனிப்பான, வெதுவெதுப்பான வாசம். றுஸ்னா பால் கொடுத்த அந்த மூன்று கிழமையும் பிள்ளையிடம் இருந்த வாசம். அது றுஸ்னாவின் வாசம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

தெருவில் நின்றுவிட்டேன். துடைக்கவில்லை.

"என்ன மனே?" என்றார் மாமி, திரும்பி வந்து. என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தான் வாங்கிக்கொள்ளாமல், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு ஓட்டோ எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"மெதுவா வாங்க," என்றார். "அவசரம் ஒண்டும் இல்ல."